இடது பக்கத் தூண்

சூடாமணி: புடவைக்கடைன்னு நெனச்சுண்டு உள்ள வந்துட்டேளா? இந்தப் பொண்ணு கார் விக்கறா.

சுந்தரராமன்: நான் என்ன கேட்டுட்டேன் இப்ப? மயில்கழுத்துக் கலர்ல கார் இருக்கான்னு கேட்டேன். இருக்கு, இல்ல. ஒரு வார்த்தை.

உம்மே ஹானி: இருக்கு சார். அதாவது...

சூடாமணி: பாத்தேளா, 'அதாவது'ங்கறா.

உம்மே ஹானி: கேட்லாக்ல இருக்கு சார், ஸ்டாக்ல இல்ல. வெள்ளை, சாம்பல், சிவப்புன்னா வர்ற வெள்ளிக்கிழமையே டெலிவரி. இந்தக் கலர் வேணும்னா ஃபேக்டரிக்கு உங்க பேர்ல தனியா ஆர்டர் போடணும். பதினாலு வாரம் ஆகும்.

சூடாமணி: நவராத்திரி வந்து, கொலுப் படியைப் பிரிச்சு உள்ளயே வெச்சுடலாம்.

சுந்தரராமன்: வெச்சுக்கோ. பதினாலு வாரம் உனக்குப் பெரிசா? பதினாறு வாரமா வாக்கிங் போறே. காலம்பற அஞ்சே முக்காலுக்கு ஷூ மாட்டிண்டு நாகேஸ்வரராவ் பார்க்குன்னு கிளம்பறே. ஒரு கிலோ குறைஞ்சிருக்கியா?

சூடாமணி: என் உடம்புவாகு அப்படி. கார் பேச்சைப் பேசுங்கோ.

சுந்தரராமன்: அதைத்தான் பேசறேன். வெள்ளை வேண்டாம்மா. எங்க அபார்ட்மெண்ட்ல பதினெட்டு கார், அதுல பதிமூணு வெள்ளை. நம்ம வண்டி எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள...

சூடாமணி: நிறுத்திட்டேளே, முழுசா சொல்லுங்கோ. நான் சொல்லட்டுமா? ஹானி, நீ கேளு. பொங்கல் சமயம். இவர் கீழ போய் மூணாவது மாடி அய்யாதுரை காரைத் திறக்கறார். திறக்கலை. விடாம கைப்பிடியைப் பிடிச்சு ஆட்டறார். அலாரம் அடிச்சு, வாட்ச்மேன் விசில் ஊதிண்டு ஓடி வந்து, அய்யாதுரை பாதி ஷேவிங்கோட இறங்கி வந்து...

சுந்தரராமன்: பேஸ்மெண்ட்ல பல்பு ஃப்யூஸ். யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகும்.

சூடாமணி: மத்த பதினேழு பேருக்கு ஆகலையே. மின்வாரியத்துல எஞ்சினியரா இருந்து ரிடையர் ஆனவருக்கு ஒரு பல்பு மாத்தச் சொல்லத் தெரியலை.

உம்மே ஹானி: வெள்ளை வண்டில அந்தக் குழப்பம் நிறைய பேருக்கு வருது மேடம்.

சூடாமணி: நீ நல்ல பொண்ணு. விக்கணுமேன்னு சொல்றே.

உம்மே ஹானி: பழைய வண்டி எதாவது எக்ஸ்சேஞ்சுக்கு இருக்கா சார்?

சுந்தரராமன்: மாசிலயே வித்தாச்சு. நல்ல வண்டி. இவதான் வித்துடு வித்துடுன்னு பிராணனை வாங்கினா.

சூடாமணி: நல்ல வண்டிதான், வலது பக்கம் மட்டும். வாங்க வந்தவன் ரெண்டு தடவை சுத்தி வந்தான். 'என்ன சார், இது ரெண்டு காரைப் பாதி பாதியா ஒட்டினதா'ன்னான்.

சுந்தரராமன்: அந்தத் தூண் கட்டினவன் முட்டாள். என் பார்க்கிங்குக்கு இடது பக்கம் ஒரு அடி வெளியில தள்ளிக் கட்டியிருக்கான்.

சூடாமணி: இருபத்திரெண்டு வருஷமா அந்தத் தூண் அங்கயேதான் நிக்கறது. போன வருஷம்தான் அதுக்கு நகர்ந்து வந்து இடிக்கணும்னு தோணித்து போலிருக்கு. அதுவும் மூணு தடவை.

சுந்தரராமன்: இவ இப்படித்தான் பேசுவா. நீ எழுதிக்கோம்மா. நாலு பக்கமும் கேமரா வேணும்.

உம்மே ஹானி: டாப் மாடல்ல வருது சார். சுத்தி என்ன இருக்குன்னு முன்னாடி ஸ்கிரீன்ல காட்டும்.

சுந்தரராமன்: ஸ்கிரீன் பெரிசா இருக்கணும். பக்கத்துல ஏதாவது வந்தா சொல்லுமா?

உம்மே ஹானி: சைடு கண்ணாடில சின்னதா ஒரு லைட் எரியும்.

சுந்தரராமன்: லைட்டெல்லாம் யார் பாப்பா? சத்தம் வேணும். நன்னா உரக்க.

சூடாமணி: அதுக்குத் தனியாக் காசு கொடுக்கணுமா? நாப்பது வருஷமா இடது பக்கம் உக்காந்துண்டு நான் இலவசமாப் போட்டிண்டிருக்கேனே.

சுந்தரராமன்: உன் சத்தத்துக்கு எது ஆபத்து, எது சும்மான்னே தெரியாது. எல்லாத்துக்கும் 'ஐயோ'ன்னுவே... தானா பிரேக் பிடிக்குமாம்மா?

உம்மே ஹானி: பிடிக்கும் சார். ரோட்ல கோடு இருந்தா அதைப் பாத்து, விலகாம அதுவே ஓரளவுக்கு நேரா போகும்.

சூடாமணி: கோடா? மயிலாப்பூர்லயா? மெட்ரோக்காரா தோண்டினதுல ரோடே மிச்சமில்ல, கோட்டுக்கு எங்க போறது?

உம்மே ஹானி: அடையாறு பக்கம் கொஞ்சம் இருக்கு மேடம்.

சூடாமணி: ஏன்னா, பாக்கறது கேமரா, பிரேக் பிடிக்கறது கார், நேரா போறதும் கார். நீங்க எதுக்கு அதுல? பேசாம ஒரு டிரைவரை வெச்சுண்டு...

சுந்தரராமன்: டிரைவர் பேச்சை எடுக்காதேன்னு ஆத்துலயே சொல்லிட்டேன். நாப்பத்திநாலு வருஷமா ஓட்டறேன். இந்த வண்டியையும் நான்தான் ஓட்டுவேன். அதுக்குத்தான் வாங்கறேன். இல்லேன்னா எனக்குக் காரே வேண்டாம்.

சூடாமணி: சரி. அதைப் பாத்துட்டுப் போகத்தான் நானும் வந்திருக்கேன்.

உம்மே ஹானி: காபி ஆறுது சார், எடுத்துக்குங்க. உங்க இடது கைப் பக்கம் வெச்சிருக்கேன்.

சுந்தரராமன்: எங்க... அடடா.

உம்மே ஹானி: பரவால்ல சார், பரவால்ல. பேப்பர்ல படலை.

சூடாமணி: என் கை பட்டுடுத்தும்மா. துடைக்கத் துணி இருக்கா?

உம்மே ஹானி: உங்க கை அந்தப் பக்கம் இல்லையே மேடம், சார்தான்...

சூடாமணி: என் கைதான் பட்டுதுன்னேன். துணி கொண்டா.

உம்மே ஹானி: ...இந்தாங்க மேடம்.

சுந்தரராமன்: எதுலயும் ஒரு அவசரம் இவளுக்கு.

சூடாமணி: ஆமா. எனக்குத்தான்.

உம்மே ஹானி: மேடம் ஓட்டுவீங்களா? ஓட்டுவீங்கன்னா உங்க உயரத்துக்கு டிரைவர் சீட் ஏறி இறங்கற மாதிரி ஆர்டர்லயே போட்டுடலாம்.

சுந்தரராமன்: இவளா? நன்னாக் கேட்டே போ. தொண்ணூத்திநாலுல ஒரு நாள் கத்துக்கொடுங்கோன்னா. பெசன்ட் நகர்ல அப்ப ரோடு காலியாக் கிடக்கும். கிளச்சை மிதிடின்னா, 'அது எந்தக் கால்'ங்கறா. அஞ்சு நிமிஷத்துல இறக்கி விட்டுட்டேன். இவளுக்கு எட்டு போடணும்னா வாசல் கோலத்துலதான் போடத் தெரியும்.

சூடாமணி: இறக்கி விட்டதோட நிக்கலையே. 'பொம்மனாட்டிக்கு எதுக்கு இது'ன்னேள். பீச்ல மீன் வாங்க வந்த நாலு பேர் திரும்பிப் பாத்து சிரிச்சா. நான் ஆட்டோ பிடிச்சு ஆத்துக்கு வந்தேன்.

சுந்தரராமன்: முப்பது வருஷத்துக் கதை. இன்னும் வெச்சிண்டிருக்கியா?

சூடாமணி: ஆட்டோவுக்குக் கொடுத்தது இருபது ரூபா. அது கூட ஞாபகம் இருக்கு.

சுந்தரராமன்: ஏம்மா, நீ ஓட்டுவியா? இல்ல, சும்மா விக்கறதோட சரியா?

உம்மே ஹானி: ஏழு வருஷமா ஓட்டறேன் சார். இங்க டெமோ வண்டியெல்லாம் நான்தான் எடுக்கறது.

சுந்தரராமன்: ஓகோ. அதான் ரோட்ல இவ்வளவு கூட்டம்.

உம்மே ஹானி: இருக்கலாம் சார். ஆனா எங்க ஷோரூம்லயும் தூண் இருக்கு, அது இது வரைக்கும் என் பக்கம் நகர்ந்து வந்ததில்ல.

சூடாமணி: பேஷ்.

சுந்தரராமன்: ரெண்டு பேரும் சேந்துண்டாச்சா?

உம்மே ஹானி: தப்பா எடுத்துக்காதீங்க சார். வாசல்ல டெமோ வண்டி நிக்குது. இந்திரா நகர் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுங்க. லைசென்ஸ் மட்டும் காட்டினா போதும்.

சுந்தரராமன்: லைசென்ஸ்... ஆத்துல இருக்கு.

உம்மே ஹானி: போன்ல படம் இருந்தாலும் ஓகே சார்.

சுந்தரராமன்: போன்ல சார்ஜ் இல்ல.

சூடாமணி: இப்பதானே வாசல்ல நின்னுண்டு நம்ம பிள்ளை அனிருத்தோட அரை மணி பேசினேள்? 'கார் புக் பண்ணப் போறேன்டா, நீ ஊர்லேர்ந்து வந்தா நானே ஏர்போர்ட் வரேன்'னு.

சுந்தரராமன்: அதுலதான் தீந்துடுத்து. தவிர முட்டி வேற வலிக்கறது. இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

சூடாமணி: முட்டியா? நேத்து வரைக்கும் இடுப்புன்னேள். கீழ இறங்கிண்டே வரது.

சுந்தரராமன்: சூடா... போறும்.

உம்மே ஹானி: பரவால்ல சார். ஃபாரத்தை முடிச்சுடலாம். கலர் மயில்கழுத்து. நாலு பக்கமும் கேமரா. சத்தம் போடற அலாரம். பெரிய ஸ்கிரீன். கடைசியா இன்சூரன்ஸுக்கு, வண்டி ஓட்டறவங்க லைசென்ஸ் நம்பர் வேணும்.

சுந்தரராமன்: அதான் சொன்னேனே. டெலிவரி எடுக்க வரச்சே தரேன்.

சூடாமணி: பதினாலு வாரத்துல அது உயிர் பிழைச்சு எழுந்து வந்துடுமா?

சுந்தரராமன்: எது?

சூடாமணி: தை மாசமே செத்துப்போன லைசென்ஸ்.

சுந்தரராமன்: அதைப் புதுப்பிச்சுண்டா ஆச்சு.

சூடாமணி: புதுப்பிக்கணும்னா கண் டாக்டர் கையெழுத்து வேணும். அவர் போடலை.

சுந்தரராமன்: உனக்கு... யார் சொன்னா?

சூடாமணி: நீலக் கோடு போட்ட சட்டை. மிஷின்ல போடறதுக்கு முன்னால பையைத் துழாவினேன், டாக்டர் சீட்டு இருந்தது. ரெண்டு கண்லயும் ஓரப் பார்வை போயிண்டிருக்கு, இடது பக்கம் ரொம்பப் போயாச்சு, இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதியிருந்தார். அன்னிக்குத்தான் பழைய காரை வித்துடுங்கோன்னு பிராணனை வாங்க ஆரம்பிச்சேன்.

சுந்தரராமன்: அப்ப மாசிலேர்ந்து உனக்குத் தெரியும். தெரிஞ்சுண்டேவா தூணு, அய்யாதுரை, முட்டின்னு வெளி மனுஷா எதிர்ல என்னை இந்தக் குத்து குத்தினே?

சூடாமணி: குத்தினா வலி தாங்காம நீங்களே சொல்லிடுவேள்னு பாத்தேன். நாலு மாசமாக் குத்தறேன். நீங்க சொல்லலை. கண்ணு போறது உங்க தப்பில்ல. ஆனா என்கிட்ட மறைச்சேளே, அது எனக்கு ஆறவே இல்ல.

சுந்தரராமன்: எப்படிச் சொல்லுவேன்? நீ கோவிலுக்குப் போனாலும், கச்சேரிக்குப் போனாலும், நம்ம பொண்ணு ஸ்ரீரஞ்சனி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், நான்தானே கொண்டு விட்டேன்? உனக்குன்னு நான் உருப்படியாப் பண்ணினது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா...

சூடாமணி: அதுக்காக, பாலத்துல இடது பக்கம் சைக்கிள்ல வரவனை அடிச்சுத் தள்ளிட்டுப் போகலாமா? கேமரா பாத்துக்கும், அதானே?

உம்மே ஹானி: சார், தண்ணி குடிங்க. வலது பக்கம் வெச்சிருக்கேன்.

சுந்தரராமன்: வேண்டாம்மா. அந்த ஃபாரத்தைக் கிழிச்சுடு. காரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

சூடாமணி: கிழிக்காதே ஹானி. மயில்கழுத்துக் கலர் அப்படியே இருக்கட்டும், வாசல்ல வந்து நிக்கறச்சே இவருக்கு அடையாளம் தெரியணும். சத்தம் போடற அலாரம் வேண்டாம், அடிச்சுடு. டிரைவர் சீட் ஏறி இறங்கறதுன்னியே, அதைச் சேத்துக்கோ.

சுந்தரராமன்: ஓகோ. டிரைவரையே பேசி முடிச்சுட்டியா? எவன் அவன்?

சூடாமணி: நம்பர் கேட்டியே ஹானி. இந்தா, பாத்து எழுதிக்கோ.

உம்மே ஹானி: குடுங்க மேடம்... சூடாமணி, கணவர் பேர் சுந்தரராமன்... மேடம், இது உங்க லைசென்ஸ். போன வாரம்தான் குடுத்திருக்காங்க.

சுந்தரராமன்: நீயா? இங்க கொண்டா, நான் பாக்கணும்... உன் மூஞ்சிதான் இருக்கு. எப்பக் கத்துண்டே? எங்க? நாள் பூரா என் கண்ணெதிர்லதானே இருக்கே?

சூடாமணி: மந்தைவெளில ஜெயபாரதின்னு ஒருத்தி டிரைவிங் ஸ்கூல் நடத்தறா, காலம்பற ஆறு மணி கிளாஸ். முதல் தடவையிலயே எட்டு போட்டுட்டேன். பதினாறு வாரம் பார்க்குக்குப் போயும் ஒரு கிலோ குறையலைன்னேளே... உக்காந்துண்டு சுத்தினா உடம்பு எப்படிக் குறையும்?