குண்டு விழுந்த கால்

ஒரு வார்த்தையோட வால்ல போச்சுங்க. ‘இருக்கும்’னு முடிக்க வேண்டியத ‘இருப்பான்’னு முடிச்சிட்டேன். அவ்வளவுதான். கைக்கு வந்த மெடல் அப்படியே திரும்பிப் போயிடுச்சு... உக்காருங்க, உக்காருங்க, பரவால்ல. அந்த எடத்துக்கு ஆள் இருக்கு, முகம் கழுவிட்டு வரேன்னு போயிருக்கான். வந்தா எழுந்துக்கலாம். அவன் வந்தா எழுந்துக்காம இருக்கவும் முடியாது, அது வேற விஷயம்.

நீங்க என்ன, பென்ஷனா? கடைசி ரூமா? அப்ப சாயங்காலம்தான். அந்த ரூம் ஆபீசரு சாப்பிடப் போயிருக்காரு. காலையில வந்தப்பவும் சாப்பிடத்தான் போயிருந்தாரு.

காலப் பாக்கறீங்க. தாராளமா பாருங்க. முட்டி மடங்காது. பஸ்ல நான் உக்காந்தா எதிர் சீட்டுல ஒருத்தரும் உக்கார முடியாது. சண்டையில போனது. யாரு கேட்டாலும் ஒரே பதில்தான், ‘குண்டு விழுந்துச்சு.’ கட்டிக்கிட்டவகிட்டயும் அதான் சொன்னேன், அவ அப்பாகிட்டயும் அதான் சொன்னேன். அதுல ஒரு சொல்லு பொய் கிடையாது.

போன தடவ அந்த ஜன்னல்ல ஒருத்தர் இருந்தாரு. சண்டையில அடிபட்டுச்சுங்கன்னேன். யாரோட சண்டைன்னாரு. பக்கத்து நாட்டோடன்னேன். அவருக்கு பக்கத்து வீட்டோடன்னு கேட்டிருக்கு. அதுக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாரு. அவருக்குக் காது, எனக்குக் கால். யாரக் குத்தம் சொல்றது?

எதுல விட்டேன்... ஆங், குண்டு. குண்டு விழுந்துச்சுன்னதும் நீங்களும் வெடிகுண்டுன்னுதானே நெனச்சீங்க? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றது? குண்டுங்கறது ஒரு ஆளுங்க. எங்க படையில சமையல்காரன். பெத்தவங்க வச்ச பேரு ஒண்ணு இருக்கு, அவன் கல்யாணப் பத்திரிகையப் பாத்துதான் எங்களுக்கே தெரிஞ்சுது. அன்னைக்கு பீரங்கி சத்தம் கேட்டதும் எல்லாரும் படுத்துட்டாங்க, நான் மட்டும் குழிக்குள்ள மரமாட்டம் நின்னேன். சின்ன வயசு, கை கால் ஓடல. அவன் வந்து என் மேல விழுந்தான். வெடிச்சுப் பறந்த சில்லெல்லாம் அவன் முதுகுல. எனக்கு ஒரு கீறல் கிடையாது. முட்டி மட்டும் அவன் அடியில சிக்கி, சுள்ளி ஒடியற மாதிரி ஒடிஞ்சுது.

சில்லு பட்டவனுக்கு மெடல் குடுத்தாங்க. முட்டி போனவனுக்கு ஒண்ணும் இல்ல. எதிரியால வந்த காயத்துக்குத்தான் உண்டாம், சமையல்காரனால வந்ததுக்குக் கிடையாதாம். அவன் மட்டும் குறுக்க விழாம இருந்திருந்தா எனக்கும் ஒண்ணு வீட்டுக்கு வந்திருக்கும். நான் வந்திருப்பேனாங்கறது வேற.

ஒரு தடவ விழுந்ததோட விட்டானா? சம்பந்தியா வந்து விழுந்தான். என் பையன், கட்டினா குண்டு பொண்ணத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னான். நானும் ஒத்தக் கால்லதான் நின்னேன், எனக்கு வேற வழி? கடைசியில அவன்தான் ஜெயிச்சான்.

இப்ப ஒரு பேத்தி இருக்கா, ரெண்டு பேருக்கும் பொதுவா. கூடப் படிக்கிற பொண்ணு வீட்டுக்கு வந்தப்ப எங்களக் காட்டி அறிமுகம் பண்றா. ‘இந்தத் தாத்தா சண்டையில அடிபட்டு மெடல் வாங்கினவரு. இந்தத் தாத்தா கூடப் போனவரு.’ கூடப் போனவரு. பை தூக்கிட்டுப் போனவன மாதிரி. அன்னைக்கு எனக்கு சோறு எறங்கலீங்க. மனசு வலிச்சுது, இதுல மறைக்க என்ன இருக்கு? அந்தக் குழந்தைக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் சட்டையில குத்திக்கிட்டு நிக்கணும். வேற ஒரு ஆசையும் இல்ல எனக்கு.

குண்டும் அத கேட்டுட்டுதான் இருந்தான். என்னோடத எடுத்துக்கோடான்னான். உன் சட்டைய நான் போட முடியுமா, அது மாதிரிதான் இதுவும்னேன். ரெண்டு நாள் போச்சு. அப்புறம் அவனே யோசனை சொன்னான். ‘குண்டு விழுந்துச்சுன்னு நீ சொல்லு. ஆமாங்க, நானும் அங்கதான் இருந்தேன்னு நான் சாட்சி சொல்றேன். ரெண்டுமே நெசம். அவங்க எந்தக் குண்டுன்னு எடுத்துக்கிட்டா நமக்கென்ன?’ சமையல்காரன் மூள. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மேல ஒரு வார்த்த பேசாதன்னு ஒரு வாரமா படிச்சுப் படிச்சு சொன்னான். தவளைகிட்ட போயி யாரு சொல்லி என்ன?

இன்னைக்கு என்ன மட்டும் கூப்பிட்டாங்க. உள்ள ஒரு மேடம். நல்ல மாதிரி. ஃபேன என் பக்கம் திருப்பி வச்சாங்க, கால நீட்டிக்கங்கன்னாங்க. அங்கதான் ஏமாந்துட்டேன். மரியாதையா நடத்தினா நமக்கு வாய் தானாத் தொறந்துக்குது. எப்படிங்க அடிபட்டுச்சுன்னாங்க. குண்டு விழுந்துச்சு மேடம். எங்க விழுந்துச்சு? என் மேல மேடம். ‘உங்க மேலயேவா? பெரிய குண்டா?’ன்னாங்க.

ஆமா மேடம், அப்பவே நூறு கிலோ இருப்பான்னேன்.

பேனாவக் கீழ வச்சிட்டாங்க.

சிரிக்கல, அதச் சொல்லணும். மொதல்ல இருந்து முழுசா சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. கேட்டுட்டு, கதவ ஒரு தடவ பாத்துட்டு, மெதுவா சொன்னாங்க. வெடிச்ச வேகத்துல அவர தூக்கி எறிஞ்சு அவரு உங்க மேல விழுந்திருந்தா, அதுவும் எதிரி தாக்கின கணக்குதான், மெடல் உண்டு. அவரா வந்து விழுந்திருந்தா கிடையாது. ‘எப்படி விழுந்தாரு? நல்லா யோசிச்சு சொல்லுங்க.’

யோசிக்க என்னங்க இருக்கு? அவனே இத்தன வருஷமா அதத்தான் சொல்லிட்டிருக்கான். கூட்டாளியக் காப்பாத்தினீங்களாமேன்னு யாராவது கேட்டா போதும், ‘நான் எங்க காப்பாத்தினேன், அது தூக்கிப் போட்டுச்சு, போயி அவன் மேல விழுந்தேன்’பான். பேத்திகிட்டயும் அதே கததான். ஆமா மேடம், தூக்கித்தான் போட்டுச்சுன்னு நானும் சொன்னா முடிஞ்சுது. அவனும் சந்தோஷப்படுவான்.

அந்த நேரம் பாத்து டீ கேன் ஞாபகத்துக்கு வருதுங்க.

அன்னைக்கு அவன் டீ கொண்டு வந்துட்டிருந்தான். என்ன ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறப்ப பாத்தேன், கேன் அந்தப் பக்கம் மணல் மூட்டைக்குப் பின்னாடி நேரா நிக்குது. மூடி போட்டபடி. ஒரு சொட்டு சிந்தல. அதுலதான் எனக்கு ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்தாங்க, சூடு கூட ஆறல. நீங்களே சொல்லுங்க, தூக்கி எறியப்படறவன் டீ கேன பதமா எறக்கி வச்சிட்டா பறப்பான்? மூட்டைக்குப் பின்னாடி அவன் பத்திரமா இருந்திருக்கான். கேன வச்சிட்டு, அங்கிருந்து எந்திரிச்சு ஓடி வந்திருக்கான்.

‘இல்ல மேடம், அவனாத்தான் வந்து பாய்ஞ்சான்’னு சொல்லிட்டேன். டீ கேனயும் சேத்து சொன்னேன். இந்த வாய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?

அவங்க என் பேப்பர மூடி ஓரமா வச்சாங்க. அப்புறம், ‘உங்களுக்கு ஒண்ணும் செய்ய முடியாதுங்க’ன்னாங்க. சரி மேடம்னு எழுந்தேன். இருங்க, அவரு பேரு என்னன்னு கேட்டாங்க. குண்டுன்னேன். நெசப் பேருன்னாங்க. சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. தன் உயிரப் பாக்காம இன்னொருத்தனக் காப்பாத்தினவனுக்கு வேற மெடல் இருக்காம். அவன் சட்டையில இருக்கறதவிடப் பெருசாம். அதுக்குப் பாத்த சாட்சி ஒருத்தர் வேணுமாம். நான்தானாம் அது.

வந்தது எனக்கு ஒண்ணு வாங்க. நடந்தது அவனுக்கு ரெண்டாவது. பேத்தி இனிமே எப்படி அறிமுகம் பண்ணுவா பாருங்க. ‘இந்தத் தாத்தா ரெண்டு மெடல். இந்தத் தாத்தா சாட்சிக்குப் போனவரு.’

என்னங்க, எழுந்துட்டீங்க? கூப்பிட்டாங்களா? எனக்குக் கேக்கவே இல்லயே... சரி சரி, போங்க. அதோ அவனும் வந்துட்டான். முகம் கழுவினானா குளிச்சானான்னு தெரியல, சட்டையெல்லாம் தண்ணி.

வாடா. ஆங், கேட்டாங்க. எல்லாம் சொன்னேன். அளவாத்தான்டா சொன்னேன். குடுக்கறாங்களாம். ஆமாடா, நெசமாத்தான், குடுக்கறாங்களாம்... யாருக்கா? மொதல்ல உக்காரு, சொல்றேன். மெதுவா. டேய், மெதுவா உக்காரு. எனக்கு இன்னும் ஒரு காலுதான் பாக்கி இருக்கு.