படுதாவுக்குப் பின்னால் எடுத்துக் கொடுத்த வரி

திண்டிவனம் கலையுலகுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு: எங்கள் நாடகக் குழு கலைக்கப்பட்டது. பஸ்கள் வழக்கம்போல் ஓடும்.

கடைசியாக நாங்கள் போட்டது ஒரு பிரெஞ்சு சிரிப்பு நாடகம். பாரிசில் பிறந்து, பல நாடுகளில் சினிமாவாகி, எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டது. மூலத்தில் ஐந்து கதவுகள். எங்களுக்கு வாய்த்தது ஒரு படுதா. தமிழாக்கியது நான். பாரிஸ் கனவான், வேர்க்கடலை மூட்டை விற்கும் மல்லாட்டை மண்டி முதலாளி ஆனார். மகளுக்குக் கல்யாணம் கூடிவரும் நேரத்தில், அவள் தன் பெண்ணே இல்லை என்று உளறிவிடுவார். விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய இடம்.

முதலாளி வேடம் என் நண்பன் விருத்தாசலத்துக்கு. அவனுக்கு வசனம் மனப்பாடமே ஆகாது. படுதாவுக்குப் பின்னால் நின்று நான் சொல்லச் சொல்ல, அப்படியே திருப்பிச் சொல்வான். காதுக்கும் வாய்க்கும் நடுவில் மூளை குறுக்கிடாது.

"நீ எடுத்துக் குடுடா, நான் பேசிக்கினே போறேன்" என்பான்.

அவன் மகள் இசைவாணி. பெங்களூரில் இருவரும் கட்டட வேலை பார்த்த காலத்தில், பிரசவத்தில் என் மனைவி போய்விட்டாள். நான் குடித்துக்கொண்டிருந்தேன். குழந்தையை அவனும் அவன் மனைவியும் வாங்கிக்கொண்டார்கள். ஊர் திரும்பியபோது அவள் அவர்கள் மகள், நான் மாமா. வெளியே சொல்வதில்லை என்று சத்தியம்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை கொடுக்க வந்தவள், "மாமா, ஜல்தியா வந்து பந்திய பாத்துக்கோங்க. நீங்க நின்னாதான் அப்பா பேஜாரு இல்லாம மேடையில உக்காருவாரு" என்றாள்.

பந்தி பொறுப்பான வேலைதான். குறை சொல்ல மாட்டேன்.

விழுப்புரத்தில் நாடகம். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டாரோடு இசைவாணி. அந்தக் காட்சி வந்தது. பிரதியில் மகள் பெயர் மோகனா. நான் நிதானமாக எடுத்துக் கொடுத்தேன்:

"இசைவாணி, நீ எனக்குப் பொறந்தவ இல்லம்மா. பின்னால நிக்கறானே என் சிநேகிதன், அவன் பெத்த பொண்ணு."

விருத்தாசலம் கணீரென்று சொன்னான். நல்ல குரல் அவனுக்கு.

சபை சிரித்தது. தான் சொன்னது அவன் காதிலேயே விழச் சற்று நேரம் பிடித்தது.

"யப்பா, அது வசனம்தான?" என்று முன்வரிசையிலிருந்து அவள் கேட்டாள்.

அடுத்த வரிக்காக அவன் படுதாப் பக்கம் திரும்பினான். 'ஆமாம்மா' என்ற ஒரு சொல் போதும். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

உண்மை தெரிவது அவள் உரிமை. எனக்கென்று எதையும் எதிர்பார்த்து நான் செய்யவில்லை. மணமேடையில் நிற்க ஒரு பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கல்யாணம் நடக்கவில்லை.