தலைநகரில் ஆளில்லாத தீவு

"தலைநகரிலை ஒருத்தரும் இல்லையாம், அக்கா."

நகரத்துக்குப் போகும் காலை ரயில் அஜக்ஸ் நிலையத்தைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் இருக்கையில் தாதி உடுப்பில் ஒரு பெண்ணும், மடியில் சாப்பாட்டுப் பையோடு அவளுடைய அக்காவும் இருந்தார்கள். தங்கைக்குக் கரீபியன் கடலில் மொன்செராட் என்ற தீவில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது.

"பிறகு ஆருக்கு ஊசி போடப்போறாய்?"

"எரிமலை வெடிச்சுத் தெற்குப் பக்கம் சாம்பலாலையும் மணலாலையும் மூடிப்போச்சு. சனம் வடக்கிலை இருக்குது. ஐயாயிரம் பேர்கூட இல்லை."

"ஆர் ஆளுறது?"

"லண்டனிலை இருந்து ஒரு கவர்னர் வருவார். மிச்சத்தைச் சனம் வோட்டுப் போட்டுத் தெரிவுசெய்யிற ஆக்கள் பாக்கினம்."

"பிழைப்பு?"

"லண்டன் உதவி வரும். ஊரை மூடின அந்த மணலையே அள்ளிக் கப்பலிலை விக்கினம்."

பிறகு அக்கா, போருக்குத் தப்பி ஓடிவந்த எங்கள் தமிழ்ச்சனம் எந்த நாட்டைப் பற்றியும் கேட்கும் கேள்விக்கு வந்தார்.

"அங்கை எங்கட ஆக்கள் இருக்கினமோ?"

"இல்லையெண்டுதான் நினைக்கிறன். கனபேர் அந்த ஊர்ச்சனம். கையிலை அம்பிட்டதோடை ஓடிவந்து, வடக்கிலை திரும்ப வீடு கட்டினதுகள்."

அக்கா பையைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியைத் தங்கையின் கையில் வைத்தார்.

"அப்ப எங்கட ஆக்கள்தான். போட்டு வா."