டொக்டர் சொன்னது

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குக் காலை பஸ்ஸில் போவதென்றால் வலப்பக்கம் இருக்க வேண்டும், ஐயா. இடப்பக்கம் இருந்தால் ஓமந்தை தாண்டும்வரை வெயில் முகத்தில் அடித்துக்கொண்டே வரும். யோகலிங்கத்தோடு போன நாட்களிலெல்லாம் வலப்பக்க யன்னலை நான் அவனுக்கே விட்டேன். அவன் நோயாளி, நான் துணைக்குப் போனவன். அவன்மேல் எனக்கு வெறுப்பு இருந்தது என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

எங்கள் இருவருக்கும் ஐம்பத்தைந்தாம் ஆண்டுக் குடியேற்றத்தில் பக்கத்துப் பக்கத்துக் காணி கிடைத்தது. இருவருமே யாழ்ப்பாணத்தில் நிலம் போதாமல் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வந்தவர்கள். ஒன்றாகக் காடு வெட்டினோம், ஒன்றாகக் காய்ச்சலில் கிடந்தோம். அவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நான் சீனியர் வகுப்பு வரை இங்கிலீஷில் படித்தவன். கந்தோரிலிருந்து யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் கதிர்காமநாதனிடம் கொண்டுபோ என்பார்கள். நான் வாசித்துச் சொன்னதை ஒருவரும் சந்தேகித்ததில்லை.

எங்கள் இரண்டு வீட்டிலும் பிள்ளை இல்லை. அவனோடு இருப்பது எனக்குச் சுகமாக இருந்ததற்கு அதுதான் காரணம். மற்ற வீடுகளில் போய் இருந்தால் ஏதாவது ஒரு குழந்தை மடியில் ஏறும், உடனே யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். அவன் வீட்டில் அந்தக் கேள்வி வராது. நெல்லைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் கதைத்துவிட்டு எழும்பி வரலாம்.

என் மனைவி இராசமலர் அமைதியானவள். கலியாணம் முடித்த நாலாம் மாதமே நான் வெளிவிறாந்தையில் படுக்கத் தொடங்கிவிட்டேன். வன்னி வெக்கை உங்களுக்குத் தெரியும். அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவளுக்கு மருந்து அரைத்துக் கொடுத்தா. கசப்புத் தாங்காமல் சத்தியெடுத்தாலும் அடுத்தநாள் திரும்பவும் குடித்தாள். பரியாரி வந்து அவளுடைய நாடியைப் பார்த்தார். என்னுடையதை அவர் கேட்கவில்லை, நானும் கையை நீட்டவில்லை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பட்டினி கிடந்து போவாள். அவள் அம்மன் வாசலில் நிற்கும்போது நான் கடைப்பக்கம் போவேன். அங்கே ஒருவன் படங்குக் கொட்டிலுக்குள் லேகியம் விற்பான். அவனிடம் ஆண்கள் பேரும் சொல்வதில்லை, வருத்தம் என்னவென்றும் சொல்வதில்லை. கையைக் காட்டினால் போத்தலைத் தாளில் சுற்றித் தருவான். நான் வாங்கியது இடுப்பு வலிக்கு.

யோகலிங்கத்தின் மனைவி விமலேஸ்வரி வேறு மாதிரி. ஒருநாள் அவர்களுடைய குசினி வாசலில் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பதையும் பாராமல் அவள் புருசனிடம் சொன்னாள்.

“என்னை ரெண்டு டொக்டர்மார் பாத்திட்டினம். ஒரு குறையும் இல்லையாம். இனி நீங்களும் ஒருக்கா காட்டுங்கோவன்.”

அவன் எழும்பி அடிப்பான் என்று பார்த்தேன். குறைந்தது, எனக்கு முன்னால் தலையையாவது குனிவான் என்று பார்த்தேன். அவன் சிரித்தான்.

“ஓம், காட்டினால் என்ன. பல்லு வலிச்சாலும் காட்டிறம்தானே.”

நீங்கள் பொறாமை என்று ஒரு சொல்லைப் பாவித்தீர்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது பிள்ளை பிறந்த பிறகு வந்ததுமல்ல, பிள்ளையைப் பற்றியதுமல்ல. அன்றைக்கு அந்தக் குசினி வாசலில் வந்தது. ஒரு புருசனும் மனைவியும் அந்த விஷயத்தைப் பல்லுவலி மாதிரி கதைக்கிறார்கள், பிறகு அவள் போய் அடுப்பில் விறகைத் தள்ளுகிறாள், அவன் மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்கிறான். என் வீட்டில் அந்த விஷயம் இருந்த இடத்தில் நாங்கள் இருவரும் கால் வைக்காமல் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

வவுனியா ஆஸ்பத்திரிக்குத் துணையாக வரச் சொல்லி அவன்தான் என்னைக் கேட்டான். அங்கே இருந்த டொக்டர் தெற்கிலிருந்து மாறி வந்தவர், தமிழ் தெரியாது, இங்கிலீஷில்தான் கதைப்பார். அற்றன்டன் நின்று மொழிபெயர்ப்பான். “அவனுக்கு முன்னாலை இதைக் கதைக்க வெக்கமாயிருக்கு மச்சான். நீயெண்டால் என்ரை ஆள்,” என்றான். அப்படித்தான் நான் உள்ளே போனேன். நானாகப் போய்ப் புகுந்துகொண்டது இல்லை.

டொக்டர் அவனைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார். விதையில் நரம்பு வீங்கியிருக்கிறது, அதனால்தான் பிள்ளை தங்கவில்லை, சின்ன வெட்டு ஒன்றில் சரிப்பண்ணலாம் என்றார். அதை நான் ஒரு சொல் குறையாமல் யோகலிங்கத்துக்குச் சொன்னேன். வெளிக்கிடும்போது டொக்டர் என்னைப் பார்த்து, உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று இங்கிலீஷில் கேட்டார். மூன்று, மூன்றும் ஆண் என்றேன். யோகலிங்கம் பக்கத்தில் நின்று, எங்களுக்குள் என்ன கதை நடக்கிறதென்று விளங்காமல் பணிவாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.

வெட்டு நல்லபடி நடந்தது. விமலேஸ்வரி ஆஸ்பத்திரியிலேயே அவனோடு நின்றாள். வீடு திரும்பிய பிறகு எங்கே போய் வந்தாய் என்று வாய்க்காலடியில் ஆட்கள் கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு குடலிறக்கம் என்று சொல்லிவிட்டேன். அவன் பிறகு என்னிடம், உண்மையைச் சொன்னால் என்ன, இன்னும் நாலு பேர் போய்க் காட்டுவார்களே என்றான். அவனுக்கு அப்படி ஒரு குணம்.

சில மாதம் கழித்துத் திரும்பவும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த முறை நாங்கள் இருவர் மட்டும் போனோம். டொக்டர் சோதித்துவிட்டு மேசையில் சாய்ந்துகொண்டு சந்தோஷமாகப் பேசினார். அவர் சொன்னது இதுதான், ஐயா: காயம் ஆறிவிட்டது, இனி நோவும் வராது, சோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த வருசத்துக்குள்ளேயே இவன் தகப்பனாகலாம் என்று சொல்லு.

“என்னவாம்?” என்று யோகலிங்கம் கேட்டான்.

“வெட்டு ஆறியிட்டுதாம். நோ இனி வராதாம்.”

“பிள்ளை?”

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வளர்ந்த ஆம்பிளை ஒருவன் தன் மனதை இப்படி முகத்தில் விரித்து வைக்கக் கூடாது.

“அது இல்லையாம், மச்சான். அந்த எண்ணத்தை விடட்டாம்.”

நான் யோசித்து வைத்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது. ஆனால் சொன்ன பிறகு திருத்தவுமில்லை. யோகலிங்கத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. டொக்டர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். அவன் எழும்பி இரண்டு கையாலும் அவரைக் கும்பிட்டான்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, விமலேஸ்வரிக்கு இதை எப்படிச் சொல்வதென்று கேட்டான். சொல்லாதே என்றேன். பெண்சாதிக்கு இது தெரிந்தால் அதற்குப் பிறகு நீ அந்த வீட்டில் ஆம்பிளையில்லை என்றேன். அதுவரைக்கும் அவன் அவளிடம் எதையும் ஒளித்தவனல்ல. ஆனால் அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டான். எல்லாம் சரியாம், பொறுத்திருக்கட்டாம் என்று அவளிடம் சொன்னான். யோசித்துப் பாருங்கள், டொக்டர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே அவளிடம் சொன்னவன் அவன்தான். அது பொய்யென்று நினைத்துக்கொண்டு சொன்னான்.

அதற்குப் பிறகு கொஞ்சக்காலம் எனக்கு மனது ஆறுதலாக இருந்தது. வயலில் அவன் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்வான், நான் பக்கத்து வரம்பில் நிற்பேன். நாங்கள் திரும்பவும் ஒரே மாதிரி ஆகிவிட்டோம் என்று எனக்குப் பட்டது. இராசமலருக்கு அந்த மாதம் ஒரு சேலைகூட வாங்கிக் கொடுத்தேன்.

சிறுபோகம் விதைத்த காலத்தில் விமலேஸ்வரிக்கு நாள் தள்ளிப் போனது. அவள் ஓடிவந்து முதலில் இராசமலரிடம்தான் சொன்னாள். இருவரும் கிணற்றடியில் நின்று அழுதார்கள், சிரித்தார்கள். அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டு இராசமலர் என்னிடம் வாய் திறந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அந்த விஷயத்தைத் தொட்டது அதுதான் முதல்தடவை.

“யோகலிங்கம் அண்ணை போய்க் காட்டினவர்தானே. நீங்களும் ஒருக்கா வவுனியாவுக்குப் போங்கோவன். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

நான் அவளை அடிக்கவில்லை. சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழும்பினேன். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் யோகலிங்கம் என் காணிக்கு வந்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் இருந்தான். பிறகு கேட்டான்.

“டொக்டர் சொன்னதைத் திருப்பி ஒருக்காச் சொல்லு.”

“பிள்ளை இல்லையெண்டுதான் சொன்னவர்.”

“உனக்குப் பிழையாய் விளங்கியிருக்குமோ?”

“எனக்கு இங்கிலீஷ் விளங்கும்.”

“அப்ப நாளைக்குப் போவம். திரும்பக் கேப்பம்.”

இந்த இடத்தில் நான் நிதானமாக இருந்தேன், ஐயா. இதை நீங்கள் எழுதத்தான் வேண்டும். வாயில் வந்தது என்று இதற்குச் சொல்ல முடியாது.

“போய் என்னெண்டு கேப்பாய்? என்ரை பெண்சாதி பிள்ளைத்தாச்சி, தகப்பன் ஆரெண்டோ? அற்றன்டனும் நேர்ஸ்மாரும் கேட்டுக்கொண்டு நிப்பினம். பின்னேர பஸ்ஸுக்கு முந்தி அந்தக் கதை கிளிநொச்சிக்கு வந்திடும்.”

பல்லுவலி மாதிரி இதைக் கதைத்தவன், அன்றைக்கு முதன்முதலாக வெட்கப்பட்டான். அதை நான் கண்ணால் பார்த்தேன். முகம் கறுத்து, தலை குனிந்து, வேட்டியை இழுத்து மடியை மூடிக்கொண்டான். பிறகு அவன் வவுனியாவைப் பற்றிக் கதைக்கவில்லை.

அவன் அவளைப் போட்டு அடிப்பான் என்று நினைத்தேன். வேலியோரம் நின்று காது கொடுத்தும் பார்த்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவளுக்குப் புளிப்பு வேண்டுமென்று காட்டுக்குள் போய்ப் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டு வந்தான். தண்ணீர்க் குடத்தை அவளைத் தூக்க விடவில்லை. மெலிந்துகொண்டே போனான், ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை தன்னுடையதில்லை என்று நம்பிக்கொண்டு ஒருவனால் அப்படி இருக்க முடிந்தது எனக்கு மிகவும் கரைச்சலாக இருந்தது.

அறுவடைக்குக் கொஞ்சம் முன்னம், ஒரு மத்தியானம், அவனைக் காவற்கொட்டிலில் கண்டது நான்தான். நெல்லுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்திருந்தான். வாய்க்காலில் நின்ற ஆட்களைக் கூப்பிட்டு உடனே வண்டில் பிடிக்க அனுப்பினேன். அதில் என்மேல் ஒருவரும் பிழை சொல்ல முடியாது. வண்டில் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். அவனுக்கு அறிவு இருந்தது. என் கையைப் பிடித்தான்.

“அவளை ஒண்டும் கேக்காதேங்கோ. பிள்ளை என்ரை எண்டே இருக்கட்டும். நீயும் இராசமலரும் பாத்துக்கொள்ளுங்கோ.”

அப்போது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். பிள்ளை உன்னுடையதுதான் என்று நாலு வார்த்தை. அதற்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. சாகப்போகிறவனைக் குழப்பக் கூடாது என்று நினைத்தேன். அதோடு, அவன் கேட்கவுமில்லை. வண்டில் பிரதான றோட்டில் ஏறுமுன் அவன் போய்விட்டான்.

மிச்சம் விமலேஸ்வரி உங்களிடம் சொன்னதுதான். பேறுகாலத்துக்கு முன் காட்ட வவுனியாவுக்குப் போயிருக்கிறாள். டொக்டர் அவளைக் கண்டதும், உன் புருசனுக்கு அன்றைக்கே சொன்னேனே, அவனுக்குச் சந்தோஷமா என்று கேட்டிருக்கிறார். அற்றன்டன் அதைச் சரியாக மொழிபெயர்த்திருக்கிறான். அவள் நேரே என் படலைக்கு வந்தாள், வெள்ளைச் சேலையும் நிறைவயிறுமாக.

“அண்ணை, டொக்டர் சொன்னதை நீங்கள் அவருக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?”

இராசமலர் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் உடுப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, விமலேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளோடு போனாள். பிள்ளை பிறந்துவிட்டது என்று கேள்வி. பெண் பிள்ளை. யோகலிங்கத்தின் காதும் நெற்றியும் அப்படியே இருக்கிறதாம். இராசமலர்தான் குளிப்பாட்டுகிறாளாம்.

ஆகவே ஒத்துக்கொள்கிறேன். டொக்டர் சொன்னதை மாற்றிச் சொன்னது நான். அவன் திரும்பப் போய்க் கேட்கவிடாமல் தடுத்ததும் நான். அவன் செத்தது என் வார்த்தையால்தான். இதற்குச் சட்டத்தில் என்ன பேர் இருக்கிறதோ, அந்தப் பேரை எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஆனால் நான் வெளிவிறாந்தையில் படுத்ததையும் லேகியத்தையும் நீங்கள் எழுதியிருந்தால், கையெழுத்து வைக்குமுன் அதை வெட்டிவிட வேண்டும். அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை. குறை இராசமலரில்தான், ஐயா. குடியேற்றத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.