ராமாமிர்தம் வைத்துவிட்டுப் போன பீர்

அரிசி மண்டியையும் இந்த அவையையும் ஒரே நிதானத்தோடு நடத்திச் செல்லும் சங்கத் தலைவர் ராஜமாணிக்கம் அவர்களே! அகவையில் மூத்தாலும் ஆர்வத்தில் மூப்பறியாத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்து அரங்கை நிறைத்திருக்கும் தாய்மார்களே! பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்தும், லால்பேட்டையிலிருந்து வேன் பேசியும் வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! பந்தி எப்போது என்று சமையற்கட்டின் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! சிதம்பரம் புவனகிரி சாலையில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவனும், இந்த வணிகர் சங்கத்தின் செயலாளனுமாகிய தில்லைநாதன், உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, மது விற்பனைச் சட்டமும் சிறு வணிகரும். அங்கே ஒரு தம்பி கேட்கிறார், "செயலாளரு பீர் குடிப்பாரா?" என்று. இல்லை தம்பி. குடிப்பவரிடம் கொடுத்தால் பேச்சு பந்திக்கு முன் முடியாது என்றுதான் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அன்பர்களே! சட்டம் வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. கட்டுப்பாடு வேண்டும். காலவரை வேண்டும். பள்ளிக்கு அருகே, கோயிலுக்கு அருகே கடை கூடாது என்ற கண்டிப்பும் வேண்டும். ஆனால் சட்டம் எழுதுகிற கைக்கு எங்கள் சாலை தெரியுமா? சாலையில் நிற்கிற மனிதர் தெரிவாரா?

எங்கள் சாலையில் அரசு மதுக்கடை ஒன்று உண்டு. பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும். பீர் உண்டு, குளிர்ச்சி இல்லை. அங்கே குளிர்பெட்டி பழுதாகி மாதம் பலவாயிற்று. பக்கத்திலிருந்த பாரும் உரிமம் முடிந்து மூடிக்கிடக்கிறது. சித்திரை வெயிலில் சூடான பாட்டிலை வாங்கியவர் எங்கே போவார்? இரண்டு கடை தள்ளி ரத்தினம்மாளின் பெட்டிக்கடைக்குப் போவார். அங்கே சோடாவுக்காக ஒரு பிரிட்ஜ் இருக்கிறது. பாட்டிலைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, பேர் எழுதிய சீட்டைச் செருகி, அதற்குள் வைப்பார்கள். அரை மணி நேரம் காத்திருப்பார்கள். அந்த அரை மணியில் அவித்த முட்டையும் மசாலா கடலையும் விற்கும். பிரிட்ஜுக்கு அந்த அம்மா வாடகை கேட்டதே இல்லை. ஒருவர் சீட்டுப் போட்டதை இன்னொருவர் தொட்டதும் இல்லை. எந்த அதிகாரி எழுதிய விதி அது? அவர்களே தங்களுக்கு எழுதிக்கொண்ட விதி!

ராமாமிர்தம் அங்கே வருபவர்களில் ஒருவர். செம்மங்குப்பத்தில் வெல்டர். வாரம் ஆறு நாள் நெருப்போடு நின்றுவிட்டு, சனிக்கிழமை மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரே ஒரு பீர் வாங்குவார். இரண்டாவது கேட்டதில்லை. கடந்த தை மாதம், பாட்டிலை வைத்த ஐந்தாவது நிமிடம் வீட்டிலிருந்து போன். மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று வந்துவிட்டார்கள். "யக்கா, இத அப்பிடியே வச்சிருங்க. வாயில வாசனையோட போவ முடியாது. நாளைக்கு வந்து எடுத்துக்கிறன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மறுநாள் விடியும்போது அவருக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அந்தப் பாட்டில் பதினைந்து நாள் அங்கேயே இருந்தது. நாம் குடிகாரர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறோமே, அந்தக் கூட்டத்தில் ஒரு விரல்கூட அதன்மேல் படவில்லை. எனக்கு அவர்கள்மேல் பிரியம் கிடையாது. ஆனாலும் இதைச் சொல்லாமல் போனால் நான் மனிதன் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என்ன செய்வோம் நாம்? போனவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைப்போம். வெற்றிலை பிடித்தவருக்கு வெற்றிலை, சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு. என்ன தாய்மார்களே, தலையாட்டுகிறீர்கள்? உங்கள் வீட்டிலும் உண்டுதானே? ராமாமிர்தத்தின் மனைவி மலர்க்கொடி, பீர் வைக்க வேண்டுமென்று நினைத்தார். படையல் உச்சிக்கு முன்னால் முடிய வேண்டும். கடை திறப்பதோ பன்னிரண்டுக்கு. முதல் நாளே வாங்கிவைக்கலாம் என்றால், அன்று வள்ளலார் நினைவு நாள். எல்லா மதுக்கடையும் மூடல். அதனால்தான் அவர் மாலை ஐந்து மணிக்கு ரத்தினம்மாளிடம் வந்து, தன் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன பாட்டிலைக் கேட்டார்.

"எடுத்துக்கோடி, அவரு வாங்குனதுதான்" என்று அந்த அம்மா நீட்டினார். மலர்க்கொடி சும்மா வாங்கவில்லை. "படையலுக்கு வைக்கிறத ஓசியில வாங்கக் கூடாதுக்கா, அவருக்குப் போய்ச் சேராது" என்று சொல்லி, ஒரு ரூபாய்க் காசை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அந்த நேரம் பார்த்து ரோந்து ஜீப் வந்து நின்றது.

மூடல் நாள். கையில் பாட்டில். அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்குக் காசு. அதிகாரிமேல் நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு பெண்களும் அழுதபடி சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்திலே நின்ற ஒரு கடைக்காரரைப் பார்த்து, "காசு குடுத்தாங்களா?" என்று கேட்டார். அவர், "குடுத்தாங்க சார்" என்றார். எவ்வளவு என்று அதிகாரி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உரிமமில்லாத விற்பனை என்று வழக்கு. பாட்டில் பறிமுதல். கடைக்குச் சீல். மறுநாள் படையலில் மீன் குழம்பு இருந்தது, வடை இருந்தது. பீர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது.

கடை மூடி இருபத்து மூன்று நாள் ஆகிறது. பிழைப்புக்கு அந்த அம்மாவுக்கு வேறு எதுவும் இல்லை. நாளைக் காலை விசாரணை.

பின் வரிசையில் கேட்கிறார்கள், "யாருங்க அந்தக் கடைக்காரரு?" என்று. கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும்.

நான்தான்.

அமைதியாக இருங்கள் அன்பர்களே. என் கடைக்கு நோட்டு வாங்க வரும் பிள்ளைகள், அந்தக் கூட்டத்தைப் பார்த்து எதிர்ச்சாரியில் நடந்தார்கள். எனக்கு எரிச்சல். இந்தப் பெட்டிக்கடை போனால் என் வாசல் காலியாகும் என்று நினைத்தேன். நான் பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியைச் சொன்னேன், மீதியை விழுங்கினேன். சிறு வணிகருக்காகக் குரல் கொடுக்க நீங்கள் தேர்ந்தெடுத்த செயலாளன், ஒரு சிறு வணிகரின் கடையை இரண்டு சொல்லில் மூடினேன். சட்டம் கண்ணில் பட்டதைப் பார்த்தது. எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது. அப்படியானால் யார் குற்றம் பெரிது?

ஐந்தாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரத்தினம்மாளே! இத்தனை பேர் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மனம் எரிந்த எரிச்சலுக்கு என் நாவே நெருப்பு, என் மௌனமே... என்னம்மா? எழுந்துவிட்டீர்களே? சொல்லுங்கள்.

"இங்க சொல்லி இன்னா ஆவப் போவுது? நாளைக்குப் பத்து மணிக்கு அங்க வந்து சொல்லு."

சரியம்மா. அங்கே வந்து சொல்கிறேன். அடுக்குமொழி இல்லாமல், ஒரு ரூபாய் என்று முழுதாகச் சொல்கிறேன். கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.