ஆடு சம்மதித்ததா?

தலை அசைந்தால் அது சம்மதமா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. வில்லியனூர் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு அம்மாவும், பள்ளிக்கூடப் பையோடு மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பாடத்துல ஒரு கதைம்மா. பலி குடுக்கறப்ப தண்ணி தெளிக்கிறாங்க. ஆடு தலையைச் சிலுப்புது. சம்மதிச்சிடுச்சுன்னு வெட்டிடறாங்க. ஆடு எதுக்குக் குறியீடுன்னு டீச்சர் கேட்டாங்க. பொண்ணுக்குன்னு எழுதினேன்."

"ஆட்டுக் கதையில பொண்ணு எங்கடி வந்தா?"

"உன் பக்கத்துல உக்காந்திருக்கேனே. மாப்பிள்ளை வீட்டுல கேட்டப்ப கூச்சத்துல தலை குனிஞ்சேன். சம்மதம்னு தட்டு மாத்திட்டீங்க. நான் படிக்கணும். மாட்டேன்னு வாயாலயே சொல்றேன், கேட்டுக்கோ."

"மெதுவாப் பேசுடி. பஸ்ஸே கேக்குது."

"கேக்கட்டும். ஆட்டுக்குத்தான் வாயில்ல."

என் மடியில் கைக்குழந்தை, பெண். இவளையும் மாட்டேன் என்று சொல்லப் பழக்கட்டுமா? வாயாடி என்பார்களே. பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லுங்கள்.