கை கழுவினால் திறக்கும் கதவு

கழிவறைக்குப் போய் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒழுங்காகக் கை கழுவுவதில்லை, ஐயா. விரல் நுனியை நனைத்துக்கொண்டு வந்து நம்மிடம் கை நீட்டுவார்கள். என் மனைவியும் அந்தக் கட்சிதான். அவளைத் திருத்தத்தான் இந்தத் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே குமிழை அழுத்தி, சோப்பு கையில் விழுந்து, இருபது விநாடி கழுவினால்தான் திறக்கும். கழுவாமல் தாழ்ப்பாளை இழுத்தால் கூரையிலிருந்து கிருமிநாசினி புகையாக இறங்கும். காப்புரிமைச் சான்றிதழைக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

முதலில் அவசரத்துக்கென்று வெளிப்பக்கமும் ஒரு திறப்பு வைத்திருந்தேன். என் மனைவி கழுவச் சோம்பல்பட்டு, உள்ளிருந்தே பக்கத்து வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டு இரண்டு முறை அதைத் திறக்கவைத்தாள். ஏமாற்ற வழி விட்டால் அது என்ன பூட்டு? அடைத்துவிட்டேன்.

"எனக்கு மூச்சு இழுப்பு இருக்குதுங்க. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நிறுவனம் தாழ்ப்பாளைத் தயாரிக்க முன்வந்தது. ஒரே நிபந்தனை. இரண்டு வருடம் என் வீட்டில் அது ஓட வேண்டும், ஒரு தடவைகூடக் கதவை உடைத்துத் திறந்திருக்கக் கூடாது. கதவின் கீல்களிலும் பூட்டிலும் வெளிப்பக்கமாக முத்திரை ஒட்டிவிட்டுப் போனார்கள். உடைத்தால்தான் அது கிழியும். அன்றைக்குக் கடைசி நாள். பதினொரு மணிக்கு வருவதாக இருந்தார்கள்.

பத்து மணிக்கு அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினாள்.

"சோப்பு தீந்துபோச்சுங்க. திறக்க மாட்டேங்குது."

"தாழ்ப்பாளை இழுக்காத. மருந்து இறங்கும்."

"இழுத்துட்டேனே."

சோப்பு நிரப்புவது என் பொறுப்பு. இரண்டு நாள் முன்பே ஞாபகப்படுத்தினாள். நிறுவனத்துக்கு அறிக்கை எழுதும் மும்முரத்தில் மறந்துவிட்டேன். அந்தத் தவறை ஒத்துக்கொள்கிறேன். இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆனால் கதவின் அடியில் நான் பொருத்திய ரப்பர் பட்டை எறும்பைக்கூட விடாது. அதற்கும் காப்புரிமை இருக்கிறது.

பயத்தில் அவள் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் மருந்து இறங்கும் சத்தம் கேட்டது. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உடைத்தால் இரண்டு வருட உழைப்பு பாழ். உடைக்காவிட்டால் அவள். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அடைபட்டுத்தான் கிடந்தேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சத்தம் கேட்டுத் தச்சர் கடப்பாரையோடு வந்தார்.

"என்ன சார், கதவைப் பேத்துடட்டுமா?"

"ஒண்ணுமில்ல. சோதனை நடக்குது, நீங்க போங்க."

உள்ளே அவளுக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை. தட்ட மட்டும் செய்தாள். பத்தே முக்காலுக்கு அதுவும் நின்றது.

நிறுவனத்தார் இரண்டு பேர் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். "வீட்ல உள்ள இருக்காங்க" என்றேன். மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். முத்திரையைத் தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, கை குலுக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெரு முனை திரும்பிய பிறகு தச்சரைக் கூப்பிட்டேன். ஒரே உதையில் கதவு விழுந்தது. உளுத்த மரம். அது எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

நீங்கள் நேற்று எழுதிய அறிக்கையில் 'பூட்டுக் கோளாறால் விபத்து' என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். பூட்டில் ஒரு கோளாறும் இல்லை, ஐயா. நான் செய்து வைத்தபடியே வேலை செய்தது. அவளைக் கொன்றது நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பூட்டின் பேரை மட்டும் அடித்துவிடுங்கள்.